மொட்டை போல்ட்

மெக்கானிக்கம்மா மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துச் சீர்செய்த பழைய கார் அது. பழைய கார்ப் போட்டியின் நடுவர் அதை போல்ட் போல்ட்டாகத் தடவிப் பார்த்தார். எல்லாத் தலையிலும் கம்பெனி முத்திரை இருந்தது. கதவுக் கீலில் ஒன்று மட்டும் மொட்டை.

“இது கடைச்சரக்கு, கம்பெனி போல்ட் இல்ல. ஒரு மார்க் போச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“விட்டுடுக்கா,” என்றான் தம்பி.

“எதுக்குடா விடணும்?” கீலின் கிரீஸை அழுத்தித் துடைத்தாள். “நல்லாப் பாருங்க சார். கம்பெனியில அடிச்ச பச்சை பெயிண்ட், கீல்லேர்ந்து போல்ட்டு மேல வரைக்கும் விரிசலே இல்லாம ஓடுது. மாட்டினப்புறம் ஒருத்தர்கூட இதைத் திருகல.”

நடுவர் குனிந்து பார்த்தார். முழு மார்க் போட்டார். பிறகு அசடு வழியச் சொன்னார்.

“என்கிட்டயும் இதே வண்டிதாம்மா. அந்த மொட்டையைப் போலின்னு போன மாசந்தான் தூக்கிப் போட்டேன்.”