நம்ம பொண்ணு ஜெயிச்ச சாயங்காலம்

தையல்காரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான்: டிவி பார்க்காமல் இருந்தது. பார்த்திருந்தால் கூட்டத்துக்குப் போயும் போயும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கேட்டிருப்பாளா? "உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று அதிகாரி கேட்டார். ஞாயிறென்றால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள் என்று இவள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்று அன்றைக்குத்தான் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாது.

கூட்டம் ஆஸ்பத்திரிக்காக. தெருக்கோடி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையை மூடிவிட்டு, நோயாளிகளைப் பெரிய நகரத்துக்கு அனுப்பிவிடலாம் என்று மேலிடத்தில் யோசனை. ஊர் திரண்டு வந்து கைதூக்கி மறுத்தால் மூடமாட்டார்கள். அவள் புருஷனுக்கு அந்த அறையில்தான் ரத்தம் சுத்தமாகிறது. நகரத்துக்குப் பஸ்ஸில் போய்வர ஒரு பகல் முழுக்க வேண்டும். அவர் உடம்பு அதைத் தாங்காது.

தைக்கக் கொடுத்த துணியெல்லாம் அப்படியே கிடக்க, வீடு வீடாக ஏறி இறங்கினாள். "வராம இருப்பமா அக்கா?" என்று வாய் நிறையச் சொன்னார்கள். சலூன்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"போனா மட்டும் என்னக்கா ஆயிடப் போகுது? முடிவு பண்ணிட்டுத்தான் அவங்க கூட்டமே போடுவாங்க."

"நீங்க வந்து கையத் தூக்குங்க தம்பி. அது போதும்."

"சரி, உங்க முகத்துக்காக வரேன்."

வந்தாரா? பாழாய்ப்போன தெருவிலிருந்து ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவள் இருந்தாள், ஆஸ்பத்திரி நர்ஸ் இருந்தாள். நடந்த களைப்பில் உட்கார வந்த பெரியவர் ஒருவர், "இங்க டிவி கிடையாதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் சார்."

"நீங்க கேட்ட நாள்தாம்மா வச்சேன்," என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரும் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். தூக்கிய இரண்டு கைகளையும் எண்ணினார். ஊராரிடம் பெரிய மறுப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது.

அவள் திரும்பி வரும்போது தெருவே வெளியில் நின்றது. வருகிறேன் என்றவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம பொண்ணு ஜெயிச்சிட்டாக்கா. நீங்க எங்க போயிட்டீங்க?"

அந்தப் பெண் எந்த ஊர் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்கு அவள் நம்ம பொண்ணு. தையல்காரிக்கு ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. கையை மெல்ல உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் புருஷன் டிவி முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் ஈரம். இப்படி முகம் மலர்ந்து அவரைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"வா, வா. நானும் ஓட்டுப் போட்டேன். விடாம போட்டுக்கிட்டே இருந்தேன்," என்று போனைத் தூக்கிக் காட்டினார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"யாரும் வரலையா?"

"வரல."

"மூடிடுவாங்களா?"

"ஆமா."

வெளியே தெரு கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடம் பக்கத்துலதானே இருக்கு," என்றார். "நான் நடந்தே வந்திருக்கலாம்."

ஊரையே கூப்பிட்டவளுக்கு அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. அவருக்கும் வரத் தோன்றவில்லை. அவள் அழுதாள். அவர் டிவியை அணைத்தார்.