மேனேஜர் கவ்விய கை

ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளில் அவள் கை வைத்ததும் சித்தப்பா குறுக்கே வந்து நின்றார். நேற்று சாயங்காலம் கையில் எடுத்த இரும்புக் குழாயை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம்கூட அதை ஊன்றிக்கொண்டுதான் பேசினார்.

"திறக்காத."

"தண்ணி வைக்கணும் சித்தப்பா. நேத்துலேருந்து உள்ள கிடக்கு."

"கிடக்கட்டும். வண்டிக்குச் சொல்லியாச்சு."

"என்ன வண்டி?"

"நாய் பிடிக்கிற வண்டி. அண்ணனைத் தூக்கறதுக்குள்ள வந்துடுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஊசி போட்டுடுவாங்களாம். பேசிட்டேன்."

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

"உங்கம்மாவைக் கேட்டு. ஏன், உன்னைக் கேக்கணுமா? நாலு எழுத்து படிச்சுட்டா அண்ணனைக் கடிச்ச நாய்க்கு வக்காலத்து வாங்கணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சித்தப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. இந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வாயாடி என்ற பட்டத்தை அதற்கும் முன்பே வாங்கியிருந்தாள். ஆனால் நேற்று வீட்டுக்குள் போன ஒரே ஆள் சித்தப்பாதான். பஸ்ஸைப் பாதி வழியில் வேறு கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவர். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஹாலில் அப்பா பெஞ்சின் மேல் கிடந்தார். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. வலது கை மட்டும் வெளியே இருந்தது. அம்மாதான் எடுத்து வெளியே வைத்திருந்தாள், வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று. மணிக்கட்டைச் சுற்றி நீலப் புள்ளிகள், யாரோ மையால் வளையல் வரைந்த மாதிரி.

"பாத்தீங்களா, இப்படிக் கவ்விக்கிட்டுத்தான் தரதரன்னு இழுத்துச்சு," என்றாள் அம்மா, புதிதாக வந்த பெண்ணிடம். காலையிலிருந்து இதே வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அழுகையும் அதே இடத்தில் வந்து அதே இடத்தில் நின்றது.

"இந்த ஜாதியே அப்படித்தாம்மா," என்றார் மாடி வீட்டுக்காரர். "ரத்தத்துலயே இருக்கு. என்னதான் சோறு போட்டு வளத்தாலும் ஒருநாள் காட்டிடும். நான் அன்னிக்கே சொன்னேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில், வேலைக்குப் போன இடத்தில். அப்போதெல்லாம் பேச்சு நாயைப் பற்றியது அல்ல.

வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேர் அப்பாவுக்குக் காது போனபோது எட்டிப் பார்க்காதவர்கள். பாத்திரக் கம்பெனியில் பிரஸ் ஓட்டியவர் அவர். தகட்டைத் தள்ளுவார், மெஷின் இறங்கும், தட்டாகி விழும். அடுத்த தகடு. வயசு முழுக்க அந்த இடி தலைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. காதுக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு பொட்டலம் பஞ்சு. முதலில் இடது காது, பிறகு வலது. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டியது கேட்காமல் போன அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அவன் திட்டினது கேக்காம போனதுதான் எனக்கு ஒரே லாபம்," என்று அப்பா சிரித்தார். அப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவில்லை. வாசலில் யார் வந்தாலும் தெரியாது. பால்காரர் கத்திவிட்டுப் போய்விடுவார். அம்மா தையல் கம்பெனிக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவள்தான் அவரை ஒரு நாய்க் காப்பகத்துக்குக் கூட்டிப் போனாள். குட்டி நாய் ஒன்றைக் காட்டலாம் என்று நினைத்துப் போனது. அப்பா நேராகக் கடைசிக் கூண்டுக்குப் போனார். உள்ளே ஒரு பிட்புல் ஜாதி நாய். சண்டைக்கு விட்டுக் காசு பார்த்தவர்களிடமிருந்து பிடுங்கி வந்தது. இரண்டு காதையும் யாரோ கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார்கள். முகமெல்லாம் தழும்பு.

"சார், இதை யாரும் எடுக்க மாட்டாங்க. பேரைக் கேட்டாலே ஓடிடுறாங்க," என்றாள் அங்கே வேலை செய்த பெண்.

அப்பாவுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. கம்பிக்குள் கையை விட்டார். எல்லோரும் பதறினார்கள். நாய் மோந்து பார்த்தது, பிறகு அந்தக் கைமேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

"இதுக்கும் காது இல்ல, எனக்கும் காது இல்ல," என்றார் அப்பா, காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில். "ரெண்டு பேரையும் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். "மேனேஜர், உக்காரு. மேனேஜர், காலைத் தூக்கு." தெருவே சிரித்தது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அம்மாவுக்கு மட்டும் பயம் விடவில்லை. நாய் ஹாலில் இருந்தால் அவள் சமையலறையில் இருப்பாள். வேலை முடிந்து வந்தால், கிரில் கேட்டுக்குள் கையை விட்டுக் கொக்கியைத் தூக்க மாட்டாள். மற்ற எல்லோரும் அப்படித்தான் திறப்பார்கள். அம்மா பெல் அடிப்பாள். அப்பா வந்து நாயைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவாள்.

வாசலில் பெல் அடித்தது. யாரோ தூரத்து உறவு. திறந்து கிடக்கும் கேட்டில் எதற்குப் பெல் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அதே நொடியில் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று, வேலைக்கு நேரமாகிவிட்டவன் மாதிரி.

"கேட்டீங்களா, இன்னும் வெறி அடங்கல," என்றார் மாடி வீட்டுக்காரர்.

பிராண்டல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் பெல்லை அழுத்தினார். மறுபடி பிராண்டல்.

அப்பா மேனேஜருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வேலை அதுதான். பெல் அடித்தால் வந்து அவர் மணிக்கட்டை வாயால் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போக வேண்டும். சட்டைக் கையில் எப்போதும் எச்சில் இருக்கும். "மேனேஜர் கையைப் பிடிச்சு வேலை வாங்குறான்," என்பார். அந்த ஈரத்தைத் திட்டிக்கொண்டே துவைப்பது அம்மாதான்.

அவள் அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அம்மா, நேத்து நீ வந்தப்ப என்ன பாத்த?"

"எத்தன தடவ சொல்றது? ஜன்னல் வழியாப் பாத்தேன். சமையக்கட்டு வாசல்ல விழுந்து கிடந்தார். நெத்தியில ரத்தம். அது கையைக் கவ்விக்கிட்டு..."

"நீ என்ன பண்ணின?"

"கத்தினேன். பெல்லை அழுத்தினேன். எடுக்காம அழுத்தினேன், யாராவது வருவாங்கன்னு. நான் அழுத்த அழுத்த அது இழுக்குது. வாசலுக்கே இழுத்துட்டு வந்துடுச்சு. கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. எப்படிடி கையை உள்ள விடுவேன்?" அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, பிறகு எடுத்தாள். "அது இழுக்க இழுக்க அவர் கால் ஆடுச்சு. நாய் இழுக்கறதுலதான் ஆடுதுன்னு நெனச்சேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். காலையில் ஆஸ்பத்திரியில் சித்தப்பா அப்பாவைக் கொண்டு வர வெளியே வண்டி பேசிக்கொண்டிருந்தபோது டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். சின்னப் பெண், அவள் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. இது கடி இல்லை, தோல் கிழியவே இல்லை, நெஞ்சடைப்பில் விழுந்ததில் நெற்றியில் அடி, அவ்வளவுதான் என்றாள். "விழுந்ததுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கு. சீக்கிரம் கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு வந்தது வெறும் கோபம். தெருவே கேட்டுக்கு வெளியே நின்று ஃபோனில் படம் பிடித்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் யார் யாருக்கோ ஃபோன் போட்டிருக்கிறார், ஆம்புலன்ஸைத் தவிர. வீட்டுக்குப் போனதும் எல்லோரையும் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்றுதான் வண்டியில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்க வேண்டியவர்களின் வரிசையில் முதல் ஆளாக அம்மா இருப்பாள் என்று நினைக்கவில்லை.

நாய் கொன்றது என்றால் அம்மா வெளியே நின்றது வெறும் பயம்; யாருக்கும் வரும் பயம். நாய் கொல்லவில்லை என்றால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கையைத் துணிக்குள் வைக்க விடாமல் காவல் காக்கிறாள்.

தெருமுனையில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் சுருக்குப் போட்ட நீளக் கம்பி. மூத்தவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, அப்பாவின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சங்கடமாக நின்றான்.

"கடிச்சதைப் பாத்தவங்க யாரு? வீட்டாளுங்க ஒருத்தர் சொல்லணும். அப்பத்தான் நாங்க கொண்டு போக முடியும்."

"அண்ணி, சொல்லுங்க," என்றார் சித்தப்பா.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறந்தாள். காலை முழுக்கத் தடையில்லாமல் வந்த வாக்கியம் இப்போது வரவில்லை. அவள் வலது கையின் ஆள்காட்டி விரல் முந்தானையின் ஓரத்தில் அழுந்தி அழுந்தித் தேய்ந்துகொண்டிருந்தது.

மகளின் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. நீ பெல் அடிச்ச, அது வந்துச்சு. அவரை உன்கிட்ட கொண்டு வந்து சேத்துச்சு. நீ கையை உள்ள விடல. மூன்று வாக்கியம் போதும். நாய் பிழைத்துவிடும். இந்த மனுஷி மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருப்பாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். "டாக்டர் காலையில என்கிட்ட ஒண்ணு சொன்னார்."

"என்ன சொன்னார்?" என்றார் சித்தப்பா. "என்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

"நீங்க வெளிய வண்டி பேசிட்டு இருந்தீங்க. அப்பா விழும்போதே போயிட்டாராம். தரையைத் தொடறதுக்கு முன்னாடியே. நாய் கையைப் பிடிச்சப்ப அவர் இல்ல. யாரு உள்ள போயிருந்தாலும், எப்பப் போயிருந்தாலும், ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியே கெட்ட பெயர் வாங்கியவள் அவள். அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

"உடனேயா?" என்றாள் அம்மா.

"உடனே."

"கால் ஆடுச்சே."

"இழுத்தா ஆடத்தானேம்மா செய்யும்."

அம்மா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வண்டிக்காரன் பக்கம் திரும்பினாள்.

"அது கடிக்கலப்பா. பெல் சத்தம் கேட்டா இவரைக் கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டு வரும். இவருக்குக் காது கேக்காது. நேத்தும் கூட்டிட்டு வந்துச்சு. நான்தான் நிறுத்தாம அடிச்சுட்டே இருந்தேன்."

"அண்ணி, என்ன பேசறீங்க..."

"நீ போய் அந்தக் குழாயைக் கீழ வை, தம்பி."

வண்டிக்காரன் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டான். மாடி வீட்டுக்காரர், ஃபோன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனார். அம்மா அப்பாவின் கையைத் தூக்கி மெல்லத் துணிக்குள் வைத்தாள்.

அப்பாவைக் கொண்டு போய் முடித்துவிட்டு வந்தபோது சாயங்கால வெயில் ஹால் முழுக்கக் கிடந்தது. கூட்டம் கலைந்திருந்தது. சித்தப்பா வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்டோர் ரூமைத் திறந்தாள். மேனேஜர் வெளியே வந்தான், பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல். முதுகில் குழாய் பட்ட இடம் வீங்கியிருந்தது. காலியான பெஞ்சைச் சுற்றி மோந்தான், அதற்கு அடியில் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான். அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தள்ளி வைத்ததும் தலையை உள்ளே விட்டு மூச்சு விடாமல் குடிக்க ஆரம்பித்தான்.

அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். இன்றைக்குச் சமையலறைக்குப் போகவில்லை.

"தரையைத் தொடறதுக்கு முன்னாடியேன்னா சொன்னார்?"

"ஆமாம்மா."

"எந்த டாக்டர்? வயசானவரா?"

"வயசானவர்தான்."

"ஓ." அம்மா நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போறியா? ஒண்ணுமில்ல. அவர் வாயால ஒரு தடவ கேட்டுட்டு வந்துடறேன்."

தண்ணீர் தீர்ந்துவிட்டது. மேனேஜர் வெறும் பாத்திரத்தை நக்க நக்க, அது கரகரவென்று தரையில் தேய்ந்துகொண்டே நகர்ந்து போனது. அம்மா வலது காலை மெதுவாக நீட்டி, பாதத்தால் அதை நகராமல் பிடித்துக்கொண்டாள்.