ஒரு கிணற்றில் நான்கு புள்ளிகள்

முன்பெல்லாம் அந்த வரைபடம் திறப்பதற்குள் பார்ப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாருக்கு எந்தக் கிணற்றில், எந்த ஏரியில் தண்ணீர்ப் பாத்தியம் உண்டோ, அந்த ஒவ்வொரு பாத்தியத்துக்கும் ஒரு நீலப் புள்ளி. புள்ளி உள்ளவரின் நிலம் நீலமாகும். இல்லாதவரின் நிலம் பழுப்பாகக் கிடக்கும். பழுப்பைப் புதிய தொழிற்பேட்டைக்கு எடுக்கலாம், நீலத்தைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. புள்ளிகளோ லட்சத்தைத் தாண்டின. பிரவுசர் அத்தனையையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்து, வெளுத்துப்போய் நின்றுவிடும்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் சம்பங்கி. ஓசூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இயங்கிய அந்தச் சின்னக் கம்பெனியில் அவள்தான் வரைபட வேலையைப் பார்த்தாள். பல இடங்களில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்ணுக்குத் தெரிவது மேலே இருப்பது மட்டும். அடியில் கிடப்பதெல்லாம் இரட்டைப் பதிவு என்று முடிவுகட்டி, அவற்றை நீக்க நாலு வரி எழுதினாள். பாதிக்கு மேல் போயிற்று. வரைபடம் சொடக்குப் போடும் நேரத்தில் திறந்தது. முதலாளி ஹரீஷ்குமார் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

நிலமெடுப்பு அதிகாரி வந்து பார்ப்பதற்கு முந்தின நாள் பிற்பகல். வெளியே தூறல். அது இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். யூ.பி.எஸ். முனகிக்கொண்டிருக்க, சம்பங்கி மவுசால் நிலத்தை இழுத்தாள். சானமாவுக் காடு பச்சைப் போர்வையாக அடியில் நழுவியது. அதன்மேல் தான் மிதந்து போவதாக அவளுக்குப் பட்டது. மரங்களுக்கிடையில் கறுப்பாக ஏதோ அசைந்தது. வரைபடத்தில் யானை அசையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அது போகட்டும் என்று கொஞ்சம் நின்றாள். பிறகு நெடுஞ்சாலை. பிறகு சூளகிரி. வரைபடம் கையில் கிடைத்தால் எவரும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். வேலை நெருக்கடியில் அவளுக்கு அன்றைக்குத்தான் அது வாய்த்தது.

கிணறு இருந்தது, ஒரு நீலப் புள்ளியோடு. சித்தப்பா திம்மப்பனின் வயல் நீலம். அதை ஒட்டிய அம்மாவின் வயல் பழுப்பு.

ஏன் என்று யோசிப்பதற்குள் செல்போன் அடித்தது. அம்மா மாதம்மாள்.

"சாப்ட்டியா? நான் கெணத்தாண்ட நிக்கறேன். இன்னிக்கு நம்ம முறை, கரண்ட்டத்தான் காணோம். உங்க சித்தப்பன் வேற வந்து குந்திக்கினு இருக்கறான்."

பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது. "ஏன் அண்ணி, கரண்ட்டும் உங்க பேர்ல பட்டாவா? வரலைன்னா நாளைக்கு எம்முறைதான்!"

"உன் வாய்ல மண்ணு விழ," என்று சிரித்தாள் அம்மா.

சம்பங்கி சிரிக்கவில்லை. அது நான்கு பங்காளிகளின் கூட்டுக் கிணறு. அளக்க வந்தவர்கள் கிணற்று மேட்டில் ஜி.பி.எஸ். கருவியோடு ஒரே ஒருமுறை நின்று, நான்கு பங்குக்கும் அதே இடத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கும் நிஜம். மூன்றை அவள் அழித்துவிட்டாள். அந்தக் கிணற்றிலேயே நீச்சல் பழகியவள், ஒரு கிணற்றுக்கு ஓர் ஆள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஹரீஷ்குமாரிடம் போனாள். "சார், நான் எடுத்ததெல்லாம் ரிப்பீட் இல்ல. பங்காளிங்க. எங்கம்மா புள்ளியும் அதுல போயிடுச்சு."

"எத்தன பேரு?"

"பாதி மாவட்டம்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நாளைக்கு டெமோ. எல்லாத்தையும் திருப்பிப் போட்டா மறுபடி நின்னுக்கும். உங்கம்மா புள்ளிய மட்டும் போட்டுக்கோ. ஒண்ணுதானே, எவன் கேக்கப் போறான்?"

"மத்தவங்க சார்?"

"ஊர்ல இருக்கற அம்மாவுக்கெல்லாம் நீதான் பொண்ணா?"

இருக்கைக்கு வந்து அம்மாவின் புள்ளியைப் போட்டாள். வயல் நீலமாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நீலத்தைப் பார்த்தபடியே கண் செருகியது. புள்ளிகள் துளைகளாகி, துளைகள் கிணறுகளாகின. ஒவ்வொன்றிலும் ஒருவன் மேட்டில் உட்கார்ந்திருந்தான். அடியில் இன்னும் சிலர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. தங்கள் முறை வரும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

விழித்தபோது கரண்ட் வந்திருந்தது. அந்த நாலு வரியை அழித்தாள். எல்லாப் புள்ளிகளையும் மீட்டு, ஒன்றையொன்று மறைக்காதபடி கிணற்றைச் சுற்றி வட்டமாக வைத்தாள். வேகமாகத் திறந்த வரைபடத்தை எந்தக் கணினியிலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை அதிகாரி திரையைப் பார்த்து உட்கார்ந்தார். வெள்ளை. நெடுநேரம் வெள்ளை. பிறகு, தோண்டிய குழியில் ஊறுவதுபோல நீலம் ஒவ்வொன்றாகக் கசிந்தது. அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நீலமா? அப்ப பேட்டைக்கு எடம் எங்க?" என்றார். "சட்டுனு தெறக்கும்னு போன்ல சொன்னீங்களே, அதையே குடுங்க."

"இருக்குது சார்," என்று ஹரீஷ்குமார் சம்பங்கியைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். அது தப்பு. நேத்தே அழிச்சிட்டேன்."

"நாலு வரிதானே? இப்ப எழுது," என்றார் ஹரீஷ்குமார் பல்லைக் கடித்தபடி.

"நீங்க எழுதுங்க."

அவருக்கு எழுதத் தெரியாது. அதிகாரிக்கு அன்று மாலைக்குள் மேலே அனுப்பியாக வேண்டும். "சரி, இருக்கறதக் கொண்டாங்க," என்று எழுந்துகொண்டார்.

ஹரீஷ்குமார் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பங்கி சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். திரையில் தளி ஊர்ப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அது நிறையும்வரை கதவருகே நின்று பார்த்துவிட்டுப் படி இறங்கினாள்.