மலையேறிய ஹாரன்

சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அப்துல் சலாம் ராவுத்தர், சனிக்கிழமை தோறும் காலைப் பசியாறியதும் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தம் கார் அந்த வாரத்தில் செய்த குற்றங்களையெல்லாம் எழுதி, அதை விற்ற சேலத்துக் கம்பெனிக்குத் தபாலில் சேர்ப்பார். இரண்டு ஆண்டு நிறைவதற்குள் எண்பத்தேழு கடிதங்கள் போயிருந்தன.

"கனம் பொருந்திய கம்பெனியாருக்கு, வலப்பக்க விளக்கு மேட்டில் எரிந்து பள்ளத்தில் அணைகிறது. இடப்பக்க விளக்கோ என் மாமியார் ஏறி உட்கார்ந்தால் மட்டுமே எரிகிறது. காரணம் கேட்டால் அவரும் சொல்ல மறுக்கிறார்."

கம்பெனியிலிருந்து எப்போதும் ஒரே பதில்தான்: வண்டியை அனுப்பி வைக்கவும். ராவுத்தர் அனுப்புவதில்லை. அனுப்பிவிட்டால் அடுத்த சனிக்கிழமை எதை எழுதுவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு மாசியில் ஹாரன் கெட்டது. கெட்டதென்றால் ஊமையாகிவிடவில்லை, வாயாடியாகிவிட்டது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் தானாகவே அலறும். வலப்பக்கம் திருப்பினால் நல்ல பிள்ளை போல் அடங்கும். ஆகவே ராவுத்தர் இடப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். பள்ளிவாசலுக்கும் தபாலாபீசுக்கும் ஊரை வலமாகச் சுற்றிச் சுற்றியே போய்ச் சேர்ந்தார்.

"ஏனுங்க, எதுத்த ஊட்டுக்குப் போறதுக்கே ராசிபுரத்தச் சுத்திக்கிட்டுப் போவீங்களாட்ட இருக்குதே" என்றாள் அவர் மனைவி தாஹிரா பீவி.

ஆனால் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் அந்த வித்தை பலிக்கவில்லை. மலைமேல் எடப்புளி நாட்டுக்காரர்கள் மிளகு மூட்டைகளோடு இறங்கி வந்து காத்திருந்த அந்தப் புளியமரத்தடிக்கு, இடப்பக்கமாகத்தான் ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பினார். ஹாரன் அலறியது. வண்டியை நிறுத்திய பிறகும் அலறியது. மூட்டை சுமந்து வந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். காளை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அந்த நேரத்தில் காருக்கு அருகே வந்து நின்றவன் செங்கோடன். பதினைந்து வருடமாக ராவுத்தருக்கு மிளகு கொடுப்பவன். போன வாரம் ஆசைப்பட்டுக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து மகிழ்ந்தவனும் அவன்தான். இன்று அவன் இடுப்பிலிருந்த கொடுவாளின் பிடியில் புத்தம்புதிய செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ராவுத்தர் கம்பியைப் பார்த்தார்; காரைப் பார்த்தார்; இரண்டையும் மனத்துக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அந்தக் கம்பி ஏது?" என்று கத்தினார்.

"என்னங்க?" என்று செங்கோடனும் கத்தினான்.

"கம்பி. என்ற வண்டிக் கம்பி."

"கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ராவுத்தர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு, ஹாரனையும் மீறும்படி, "செங்கோடா, நீ ஒரு திருடன்" என்றார். சரியாக அந்தக் கணத்தில், ஓடிய காளை மறுபடி ஓடி வந்து முன்சக்கரத்தில் இடித்தது. சக்கரம் அசைந்தது, ஹாரன் நின்றது. கிடைத்த நிசப்தத்தில் 'திருடன்' என்ற சொல் மட்டும் தனியே மலையேறிப் போயிற்று. கொல்லிமலை அதை வாங்கி, நிதானமாக மூன்று முறை திருப்பிச் சொன்னது.

"நாமக்கல் தேர்த்திருவிழாக் கடையில வாங்குன கம்பிங்க ராவுத்தரே" என்றான் செங்கோடன். தன் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த வழியே ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள்.

ராவுத்தர் சேலத்துக்குத் தந்தியே அடித்தார். மறுநாள் கம்பெனி மெக்கானிக் மாதேஸ்வரன் வந்து, ஸ்டீயரிங்கைக் கழற்றி, அரை நாழிகையில் நிமிர்ந்தான்.

"கம்பி எதுவும் களவு போகலீங்க. தண்டுக்குள்ள ஓடற ஒயரு மேல சுத்துன துணி தேஞ்சு போச்சு. இடப்பக்கம் திருப்புனா இரும்புல ஒரசுது, கத்துது. மொதக் கடுதாசிக்கே வண்டிய அனுப்பச் சொன்னமில்லீங்க?"

தேய்ந்த இடத்தில் அவன் நாடா சுற்றினான். ஹாரன் அடங்கியது. ராவுத்தரின் நெஞ்சு அலறத் தொடங்கியது.

அன்று பிற்பகல் செங்கோடனின் மனைவி பாவாயி மலையிறங்கி வந்து அவர் கடை வாசலில் நின்றாள்.

"நாளான்னிக்கு நாட்டுக் கோயில் பொங்கலுங்க. எங்கூட்டுக்காரருதான் மொத வெறகு வெக்கோணும். பழி தீராத கை அடுப்புல படக்கூடாதுன்னு நாட்டாரு சொல்லிப்போட்டாங்க."

"என்ன செஞ்சாத் தீரும், சொல்லு தாயி. செய்யறேன்."

"பழி எத்தன காதுல உழுந்துச்சோ, அத்தன காதுலயும் அதே வாயி தப்புன்னு சொல்லோணும். அதான் எங்க வழக்கம்."

"அன்னிக்கு ஒரு முப்பது பேரு இருந்திருப்பாங்களா?"

"உங்களுது சின்ன வாயிங்களா? மலையே மூணு தடவ சொல்லுச்சு. எடப்புளி நாட்டுல கேக்காதது ஆடு மாடு மட்டுந்தான். அதுலயும் எங்க வெள்ளாடு கேட்டுதுன்னுதான் நெனைக்கிறேன்."

ராவுத்தர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிதறிக் கிடக்கும் அத்தனை குடிசைக்கும் ஒரே நாளில் நடப்பதென்பது நடவாத காரியம். மலைக்குக் கார் ஏறும் பாதையும் கிடையாது. நாளை மலைமேல் சோளக்காட்டுச் சந்தை; அந்த ஹாரன் அங்கே அலறினால் நாடே கூடிவிடும். "மாதேசு, ஹாரனையும் பேட்டரியையும் கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்த மாதேஸ்வரன், "மலையேறச் சொல்லிக் கம்பெனியில உத்தரவில்லீங்க" என்று நழுவிக்கொண்டான். விடிந்ததும், மலையடிவாரத்தில் மூங்கிலில் பேட்டரியைத் தொங்கவிட்டு முன்முனையை ராவுத்தரும் பின்முனையைப் பாவாயியும் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். ஹாரன் ராவுத்தரின் கழுத்தில் தொங்கியது. நூறு அடிக்கு ஒருமுறை அவர் நின்றார்.

"மொளகு மூட்ட இதுக்கு மேல கனமுங்க" என்றாள் பாவாயி, ஆறுதலாக.

வழியெல்லாம் பேட்டரி ஆடியது, திராவகம் சிந்தியது, வெள்ளை வேட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டைகள் திறந்தன. சோளக்காட்டை அடைந்தபோது வேட்டி சல்லடையாகியிருந்தது. சந்தை நடுவே பேட்டரியை இறக்கி, கம்பியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினார். கிணற்றுத் தவளை ஒன்று தூக்கத்தில் புரண்டது போல ஒரு சத்தம் வந்தது. அதோடு அதுவும் நின்றது.

சந்தை குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு, மீதியிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் செங்கோடன் மட்டும் சிரிக்காமல் நின்றான். ராவுத்தர் ஒரு கல்லின் மேல் ஏறினார்.

"செங்கோடன் திருடன் இல்லீங்க. வண்டிக் கம்பி வண்டியிலயேதான் இருந்துச்சு. நாந்தான் ஆராயாமப் பழி போட்டேன். என்ற வாய் தப்பு."

"என்ன சொல்றாரு?" என்றார் காது மந்தமான பெரியவர் ஒருவர். ராவுத்தர் கல்லிலிருந்து இறங்கிப் போய், அவர் காதருகே குனிந்து, முழுவதையும் மறுபடி சொன்னார்.

எடப்புளி நாட்டுத் தலைவரான நாட்டார் ராசப்பன் விரல் விட்டு எண்ணினார். "மேக்கால பதினோரு ஊட்டுக்காரங்க சந்தைக்கு வரலீங்களே."

ராவுத்தர் பேட்டரியையும் ஹாரனையும் அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தார். சிறிது தூரம் சென்ற பிறகு பின்னால் காலடி கேட்டது.

"அது ஓடைக்குப் போற வழிங்க" என்றான் செங்கோடன். "இப்பிடி வாங்க."

அவன் முன்னே நடந்தான். முதல் குடிசை வாசலில் கண்ணாயி என்பவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் மூச்சு வாங்க அவள் எதிரில் நின்று, கைகூப்பி, முதலிலிருந்து தொடங்கினார்: "செங்கோடன் திருடன் இல்லீங்க தாயி."