நான்காவது அடுக்கு

பெரியவள் இறந்த செவ்வாய்க்கிழமை காலையில், நகரத்திலிருந்த எல்லா சாக்லேட் கேக்குகளிலும் ஓர் அடுக்கு கூடியிருந்தது. முந்தின நாள் மாலை மூன்று அடுக்காக இருந்தவை விடிந்தபோது நான்கு அடுக்காக இருந்தன. ரயிலடி பேக்கரியில் இரண்டு, மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் ஒன்று, பெரிய ஹோட்டலில் பதினொன்று, பல் மருத்துவர் வீட்டில் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி மூடிவைத்த ஒன்று, ஆக மொத்தம் பதினைந்து. கூடிய அடுக்கு எல்லாவற்றிலும் மேலேதான் இருந்தது. ஒரு பக்கம் ஒன்றரை விரல் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, ஓட்டுக்கூரை போலச் சரிந்திருந்தது. விலை மாறவில்லை. பல் மருத்துவர் மட்டும் கடைக்குத் தொலைபேசியில் பேசி, கைதவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டுவைத்தார்.

பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை. வாய்க்காலை நோக்கி இறங்கும் தெருவின் கடைசி வீட்டில் ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். வீடு கட்டி மூன்றாம் வருடமே வாய்க்கால் பக்கத்துத் தரை அமுங்கிவிட்டது. கடைக்குள் ஒரு முட்டையைத் தரையில் வைத்தால் அது அவசரப்படாமல் உருண்டு இடது மூலைக்குப் போய் நிற்கும். சகோதரிகளின் செருப்புகள் இடது ஓரத்தில்தான் தேய்ந்தன. நாற்காலிகளுக்கு இரண்டு கால்களில் மட்டும் மரத்துண்டு முட்டுக் கொடுத்திருந்தது. பெரியவளின் மேலங்கி ஆணியில் தொங்கும்போது சுவரைத் தொடாமல் ஒரு சாண் விலகி நிற்கும். கடைக்கு ஒழுங்கான பெயர்ப்பலகை இருந்தும் எல்லோரும் கோணக்கடை என்றுதான் சொன்னார்கள். செங்கல் அடுப்பின் தளமும் வீட்டோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. ரொட்டிக்கு அது பெரிய குறையில்லை. கேக்குக்குக் குறைதான். தகரத்தில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து அப்படியே வெந்துவிடும். "இது என்ன, கேக்கா, சறுக்கு மரமா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்பார். "ஏறி உக்காந்து பாருங்களேன், தெரியும்" என்று பெரியவள் சொல்வாள்.

அந்தக் கேக் உருவானது ஒரு சனிக்கிழமை. பள்ளித் தலைமையாசிரியை ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு கேக் கேட்டிருந்தார்கள். சகோதரிகளிடம் எனாமல் ஜாடி ஒன்றுதான் இருந்தது. மாவுக்கான வெந்நீரும் அதில்தான், சின்னவளின் காப்பியும் அதில்தான். எது இருக்கிறது என்று திறந்து பார்க்கும் வழக்கம் இருவருக்கும் இல்லை. யார் கடைசியாக அடுப்பருகே நின்றாள் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். அன்று கணக்குத் தப்பியது. சின்னவள் ஜாடியைக் கோக்கோ கலந்த மாவில் கவிழ்த்தாள்.

"என்னடி ஊத்தின?"

"வெந்நீர்க்கா."

"வெந்நீர் எந்த ஊர்லடி இப்படி மணக்கும்?"

மாவு நீர்த்து, கறுத்துவிட்டது. சின்னவள் அதைக் கொட்டிவிடப் பாத்திரத்தைத் தூக்கினாள். பெரியவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, இவ்வளவு நீர்த்த மாவு ஒரே தகரத்தில் வேகாது என்று மூன்று தகரங்களில் பிரித்து ஊற்றினாள். மூன்றும் மூன்று சறுக்கு மரங்களாக வெளியே வந்தன. சின்னவள் அழ ஆரம்பித்தாள். பெரியவள் அழவில்லை. ஒன்றைத் தட்டில் வைத்தாள். இரண்டாவதை அரைச்சுற்றுத் திருப்பி, அதன் தாழ்ந்த பக்கம் முதலாவதின் உயர்ந்த பக்கத்தின் மேல் வரும்படி வைத்தாள். இரண்டும் சேர்ந்து மேசை போல மட்டமாக நின்றன. மூன்றாவதுக்கு ஜோடி இல்லை. அதன் சரிவைக் கெட்டி சாக்லேட் க்ரீம் பூசி நிரப்பினாள். நிரப்பியது தெரியக்கூடாது என்று கேக் முழுவதும் பூசினாள். தலைமையாசிரியை ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒரு வருடம் வேலை பார்க்கலாம் போலிருக்கிறது என்றார். அப்படியே பார்க்கவும் செய்தார்.

இருபத்தைந்து வருடங்கள் அந்தக் கேக்கில்தான் கடை ஓடியது. மூன்றாவது அடுக்கின் சரிவு ஒவ்வொரு முறையும் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் பெரியவள் க்ரீமால் மறைப்பாள். "இதுக்கு மட்டும் ஒரு வழி கிடைக்கலடி" என்பாள். பெரிய ஹோட்டலின் மாஸ்டர் மாதம் இருமுறை வந்து வாங்கிப்போனார். ஒருநாள் செய்முறை கேட்டார். பெரியவள் காப்பி உட்பட எல்லாவற்றையும் சொல்லி, காகிதத்திலும் எழுதிக் கொடுத்தாள். கோணலை மட்டும் சொல்லவில்லை. ஒளிக்க நினைத்து அல்ல. அடுப்பு சாய்ந்திருப்பதை யாராவது செய்முறையில் எழுதுவார்களா? ஹோட்டலில் மட்டமான அடுப்பில் மூன்று மட்டமான அடுக்குகள் வெந்தன. ஊர் பெரியது, இரண்டு இடத்திலும் விற்றது, யாருக்கும் சண்டையில்லை.

பிறகு ஹோட்டலுக்குப் புதிய மேனேஜர் வந்தார். அவருக்கு எதிலும் ஆரம்பம் எது என்று தெரிந்தாக வேண்டும். அது தன் ஹோட்டலாகவும் இருக்க வேண்டும். வாசலில் ஒரு பித்தளைத் தகடு அடிக்கப்பட்டது. 'இந்தக் கேக் இங்கே பிறந்தது' என்று அதில் பொறித்திருந்தது. கேக்கின் வெள்ளி விழாவுக்கு நாள் குறித்தார்கள். கோணக்கடைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: விழாவுக்கு மறுநாளிலிருந்து அந்தக் கேக்கைச் செய்யவோ விற்கவோ கூடாது. அப்போது பெரியவள் பின்னறையில் படுத்திருந்தாள். முப்பது வருட மாவுத்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தார். சின்னவள் கட்டிலருகே நின்று நோட்டீஸைப் படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் பெரியவள். கேட்டுவிட்டு, இருமல் வருமளவுக்குச் சிரித்தாள்.

"கேக்கை எடுத்துட்டுப் போறாங்களாமா? போகட்டும். நானும் கூடவே போறேன்."

"சும்மா இருக்கா. காய்ச்சல்ல உளறாத."

"உளறலடி. தகவல் சொல்றேன்."

ஐந்து நாள் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ஹோட்டலில் கூடிய அடுக்கைக் கத்தியால் சீவி எறிந்தார்கள். மறுநாள் காலை திரும்ப வந்திருந்தது. காலை ஏழு மணிக்கு அடுக்கு சீவுவது ஒரு வேலையாகி, அதற்கென்று ஓர் ஆள் போட்டார்கள். சீவியதைப் பாத்திரம் கழுவுபவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். கேக்கிலேயே அதுதான் ருசி என்று மாஸ்டர் தனக்குள் நினைத்தார், வாயைத் திறக்கவில்லை. மற்றக் கடைக்காரர்கள் சீவவில்லை. வந்தது வரட்டும் என்று அப்படியே விற்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கோணக்கடைக்கு நேரில் வந்தார். நின்ற இடத்திலிருந்து மெல்ல இடது மூலைக்குச் சரிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. கேக் எங்க ஹோட்டல்ல பொறந்ததுதான்னு. பதிலுக்கு இந்தத் தரையைச் சமமாக்கித் தரோம். புது அடுப்பும் கட்டித் தரோம். கேக்கை நீங்க எப்பவும்போல வித்துக்கலாம்."

சின்னவளுக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. சரிவில் நின்று நின்று இடுப்பு ஒரு பக்கம் போய்விட்டது. தனி ஆள். கேக் இல்லையென்றால் கடை இல்லை, கடை இல்லையென்றால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அவள் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பேனாவையும் வாங்கினாள். அப்போது பேனா மூடி கைநழுவி விழுந்து, இடது மூலைவரை உருண்டுபோய், பெரியவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. சின்னவள் அதைக் குனிந்து எடுத்துப் பேனாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சமமான தரையில எனக்கு நடக்கத் தெரியாது சார். விழுந்துடுவேன்."

"அப்ப விழாவுக்கு மறுநாள் கடையில இந்தக் கேக் இருக்கக்கூடாது. கோர்ட் ஆர்டர் கையில இருக்கு."

"இருக்கட்டும். விழாவுக்கு நான் வரலாமா?"

"தாராளமா வாங்க, யாரு வேணாம்னா?" என்றார் மேனேஜர். அவர் நல்ல விதமாகத்தான் சொன்னார்.

விழா ஹோட்டலின் பெரிய கூடத்தில் நடந்தது. வண்டிச்சக்கரம் அளவுக்கு அகலமான மூன்றடுக்குக் கேக் நடுமேசையில் இருந்தது. காலையில் சீவியாயிற்று; இருந்தாலும் கத்தியோடு அந்த ஆள் பக்கத்திலேயே நின்றான். நகரத் தலைவர், வங்கிக்காரர்கள், பல் மருத்துவர் குடும்பம் எல்லோரும் வந்திருந்தார்கள். சின்னவள் மாவுக்கறை படிந்த பெரியவளின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, இந்தக் கேக் இந்தக் கட்டடத்தில் பிறந்தது என்றார். ஓர் அடுக்கு கூடியது. சத்தமெல்லாம் இல்லை; ஒரு ஆள் மூச்சு இழுத்தால் மார்பு உயர்வதுபோல உயர்ந்தது, அவ்வளவுதான். எங்கள் சமையலறையின் கண்டுபிடிப்பு என்றார். இன்னொன்று. இதற்கு முன் இப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை என்றார். இன்னொன்று. கத்தி வைத்திருந்தவன் மேலே இருந்ததைச் சீவப் போனான். சீவிய இடத்தில் அதே உயரத்துக்கு உடனே வந்துவிட்டது. மேனேஜர் எழுதி வைத்ததைப் படிப்பவர், நிறுத்தத் தெரியவில்லை. ஆறு அடுக்கு கூடியது. ஆறும் ஒரே பக்கம் சரிந்திருந்ததால் கேக் வணக்கம் சொல்வதுபோல வளைந்து, நகரத் தலைவரின் தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் பதவிக்குரிய மரியாதையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். "அம்மா, உங்க அக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

"உயிரோட இருந்தப்பவே நான் சொல்லி அவ கேட்டதில்ல சார்."

"இப்ப என்னதான் பண்றது?"

"கை கழுவத் தண்ணி குடுங்க."

அவள் கை கழுவித் துடைத்து, நாற்காலிமேல் ஏறினாள். மட்டமான தரையில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளாடியது. பல் மருத்துவரின் மகள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் கூடிய ஆறு அடுக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை, இரண்டு உள்ளங்கையும் கொடுத்து, அரைச்சுற்றுத் திருப்பினாள். ஒரு துணுக்குகூட உதிரவில்லை. கடைசி அடுக்கைத் திருப்பியதும் கேக் தூண் போல நிமிர்ந்து நின்றது. நகரத் தலைவர் மூச்சு விட்டார். மாஸ்டர்தான் முதலில் பேசினார். ஒலிபெருக்கிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இத்தன வருஷம் செஞ்சும் இப்படித் திருப்பணும்னு எங்க யாருக்கும் தோணல. எங்க அடுப்பு மட்டமா இருக்கே, எப்படித் தோணும்? இந்தக் கேக்கை நான் இவங்க அக்காகிட்டதான் கத்துக்கிட்டேன். அவங்க கையால எழுதிக்குடுத்த தாள் இன்னும் என் பெட்டியில இருக்கு."

எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். அடுக்கு கூடவில்லை.

நோட்டீஸ் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. பித்தளைத் தகடு அன்றிலிருந்து ஒரு பக்கம் ஒன்றரை விரல் சாய்ந்து நின்றது. எத்தனை முறை திருகாணி போட்டாலும் சாய்ந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாஸ்டர் அதைக் கழற்றிக்கொண்டு வந்து கோணக்கடைச் சுவரில் அடித்தார். அங்கே மட்டமாக நின்றது. ஹோட்டலில் அடுக்கு சீவுகிற ஆளை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

இப்போது நகரத்தில் எல்லாக் கடைகளிலும் மூன்று அடுக்குக்கு மாவு கலக்கிறார்கள், நான்கு அடுக்கு விற்கிறார்கள். நான்காவதுக்கு விலை போடுவதில்லை. மற்றக் கடைகளில் அது சரிந்தே இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்கிறார்கள். கோணக்கடையில் மட்டும் அது மட்டமாக உட்கார்கிறது. மூன்றாவது அடுக்குக்கு இத்தனை வருடம் கிடைக்காத ஜோடி அதுதான். சின்னவள் காலையில் கடை திறக்குமுன் அதை அரைச்சுற்றுத் திருப்பிவைக்கிறாள். சரிவை நிரப்பக் கெட்டி க்ரீம் வாங்குவதை விட்டுவிட்டாள். போன மழைக்காலத்தில் நகரசபை ஆட்கள் மட்டப்பலகையோடு வந்து, தரையை இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து அனுப்பிவைத்தாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிலர் பொட்டலத்தை வாங்கும்போது, பலகையில் மூன்று அடுக்கு என்றுதானே போட்டிருக்கிறது, உள்ளே நான்கு இருக்கிறதே என்று கேட்பார்கள்.

"மூணுதான் நான் செஞ்சது" என்று சொல்லி, நூலை இறுக்கி முடிச்சுப் போடுவாள்.