தாமோதரன் போட்ட முடிச்சு

மீன்பிடித் தடைக்காலத்தில் தாமோதரனை வீட்டில் வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமல்ல. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற மனுஷனை அறுபத்தோரு நாள் கடலுக்குப் போகாதே என்றால் கை சும்மா இருக்குமா? முதல் மூன்று நாளில் மிக்ஸியையும் தையல் மிஷினையும் கழற்றினார். மிக்ஸி பிழைத்தது. நான்காம் நாள் அவர் கண் மனைவி கன்னியம்மாவின் கார் மேல் விழுந்தது.

அது அவள் கருவாடு விற்று வாங்கிய பழைய வெள்ளை கார். இருபது வருஷமாகக் கூடையோடு ரோட்டில் நின்று பார்த்தவள் அவள். கூடையைக் கண்டதும் ஷேர் ஆட்டோக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இனி புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வாடிக்கை வீடுகளுக்குத் தன் வண்டியில், தானே ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று முடிவுகட்டி, நாற்பத்து நாலு வயதில் எல்எல்ஆர் போட்டாள். மகள் மகிழினி கேட்டுச் சிரித்தாள். கன்னியம்மா சிரிக்கவில்லை.

தாமோதரன் இன்ஜினைத் துடைத்தார், ஆயில் மாற்றினார், கிரீஸ் வைத்தார், அன்று சாயங்காலமே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார். பிடித்தது சனியன். ஓடும்போது நன்றாக ஓடும் கார், சிக்னலில் நின்றால் நடுங்கும். நடுங்கி நடுங்கி, அவள் கிளட்சை விடும் நேரம் பார்த்து அணைந்துவிடும். எண்ணூர் ரோட்டில் பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும்.

"இன்னாமே, மறுபடியும் ஆஃப் பண்ணிட்டியா. கால மெதுவா எடுன்னு எத்தினி தபா சொல்றது."

"மெதுவாத்தான்யா எடுத்தேன். வண்டியே ஆடிக்கினு கீது."

"எனுக்கு மட்டும் நிக்கலியே."

அவர் ஓட்டினால் நிற்காதுதான்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. வருகிற வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். ஞாயிறு காலை கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாக வந்த, தாமோதரனோடு வலை பின்னும் தாமஸ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, நீ கால வெச்சா கப்பலே நின்னுடும்னு அண்ணன் வலைக்கூடத்துல சொல்லிக்கினு இருந்தாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. ரோட்டில் எவன் ஹாரன் அடித்தாலும் தாங்கிக்கொண்டவள், இதைத் தாங்கவில்லை. நேராக உள்ளே போய் சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"வித்துடுயா. எனுக்கு வராது. நான் டெஸ்டுக்குப் போவல."

தாமோதரன் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயில் வந்த கிண்டலை விழுங்கிவிட்டார். அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அந்தத் தட்டையான குரல்தான் அவரைப் பயமுறுத்தியது.

"கடைசியா ஒரு தபா வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம், வா."

ஸ்டார்ட் செய்தார். அவள் என்ன நினைத்தாளோ, "நீ எறங்கு" என்றாள். உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தண்ணீர் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தாள். டம்ளர் கடகடவென்று ஆடி, நகர்ந்து, தண்ணீரைக் கொட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்தது. அவள் விழாமல் பிடித்தாள்.

"உள்ள யாரு காலும் இல்ல. பாத்துக்க."

தாமோதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அலையில் படகு அணைந்தால் ஆபத்து என்பதால், இன்ஜினை அடங்க விடாமல் பிடித்தே பழகியவர் அவர். காரிலும் நிற்கிற இடத்தில் அவர் கால் ஆக்சிலேட்டரை விட்டு வந்ததே இல்லை. அவருக்கு எப்படி நிற்கும்?

பானெட்டைத் திறந்தார். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால் பிடுங்கினாலும் சத்தம் மாறாது. நாலுக்கும் மாறியது, நாலும் வேலை செய்தன. அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பழையபடி நடுங்கியது. "ஒண்ணும் பிரியலியே" என்று தலையைச் சொறிந்தார்.

கன்னியம்மா குனிந்தாள். எங்கோ 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்; அதன் முனையில் பச்சை வலை நூலால் ஒரு கட்டு. கருவாட்டை அமுக்கியே காய்ச்சல் பதம் சொல்லும் கட்டைவிரலால் அந்தக் கட்டை அழுத்தினாள்.

நடுக்கம் நின்றது. இன்ஜின் பூனைபோல உறுமிக்கொண்டு ஒரே சீராக ஓடியது. விரலை எடுத்தாள், உதறியது. மறுபடி வைத்தாள், அடங்கியது.

"இது யாரு போட்ட முடிச்சு?"

தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். படகில் உப்புக்காற்றுக்குக் கிளிப் துருப்பிடித்துவிடும் என்று, எந்த ரப்பர் குழாயைப் பார்த்தாலும் வலை நூலால் இறுக்கிக் கட்டுவது தாமோதரன் வழக்கம். அங்கே குழாய் தடிமனானது, தாங்கும். இங்கே நூல் ரப்பரை அறுத்து, கீறல் வழியே வேண்டாத காற்றை இன்ஜின் இழுத்துக்கொண்டிருந்தது.

"நான்தாம்மே" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருவொற்றியூர்வரை அலைந்து, ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து திறக்கவைத்து, புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கிவந்து மாட்டினார். டம்ளரை அவரே பானெட் மேல் வைத்தார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஓட்டு" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். வலைக்கூடத்து வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். உள்ளே பத்துப் பதினைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"தோ பாருங்கபா. அஞ்சு வாரமா வண்டி நின்னது அவ காலால இல்ல. நான் போட்ட முடிச்சால. அது தெரியாம அவள இங்க குந்திக்கினு கலாய்ச்சேன். தப்பு என்து."

கூடம் கொல்லென்று சிரித்தது. தாமஸ் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். தாமோதரன் காது சிவக்க நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கன்னியம்மாவுக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் ஏறட்டும் என்று வண்டியை அவர் பக்கம் நகர்த்த கியர் போட்டு, கிளட்சை விட்டாள். கார் ஒரு குதி குதித்து அணைந்தது.

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அதுவும் நான்தான்பா" என்றார் தாமோதரன் அவசரமாக.

"இல்லயா. இது என் காலு" என்றாள் கன்னியம்மா. "கம்முனு ஏறு. வியாழக்கெழமைக்கு இன்னும் நாலு நாள் கீது." சாவியைத் திருப்பினாள்.