கயிற்றை விட்ட கை

பாண்டித்துரைக்குக் கூடாரம், லுக்மானுக்குக் கேரவன். அபுதாபியிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, மணலுக்கு நடுவே குதிரைகளின் நெடுந்தூர ஓட்டம் நடக்கிற மைதானத்துக்கு வந்தால் மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு. கீழக்கரைக்காரரான லுக்மான் சமையல்காரர். முதலாளியின் ஏசி வண்டியில் பாத்திரம் பண்டங்களோடு அவருக்கும் ஒரு கட்டில் உண்டு. கமுதிப் பக்கத்துப் பாண்டித்துரை குதிரை பார்க்கிறவன். குதிரையை விட்டு நகரக்கூடாது.

"கேரவன்ல படுத்தவன் ராஜா, டெண்டுல படுத்தவன் கூஜா" என்று லுக்மான் கிண்டலடிப்பார்.

"அந்த டப்பாவுக்குள்ள கெடந்தா வெளியில உலகமே அழிஞ்சாலும் உங்களுக்குக் கேக்காது பாய்" என்பான் இவன்.

மறுநாள் ஓட்டம். சாயங்காலம் டாக்டர் வந்து குதிரையைப் பார்ப்பார்; சோர்ந்திருந்தால் ஓட விடமாட்டார். ரீம் என்கிற அந்தப் பெண் குதிரையோ காலையிலிருந்து ஒரு வாய் புல் தின்னவில்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் தடதடவென்று கத்தினால் எந்த ஜீவன்தான் தின்னும்? மத்தியானம் காற்று கிளம்பியதும் பாண்டித்துரை ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போய்க் கேரவனுக்குப் பின்னால், வண்டியை ஒட்டியே வைத்தான். மணலும் அடிக்காது, சத்தமும் குறையும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். உள்ளே லுக்மான், மணல் வராமலிருக்கக் கதவிடுக்கிலெல்லாம் ஈரத்துண்டை அடைத்து, தாழ்ப்பாள் போட்டுப் படுத்துவிட்டார்.

அரைமணி நேரத்தில் காற்று பேயாக மாறியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூடாரத்தின் முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. ரீமைக் கட்டியிருந்த முளையும் ஆடியது. பாண்டித்துரை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கேரவனின் மறைவுக்கு அதை நடத்திப் போனான். ஓட்டத்துக்கு முந்தின நாள் குதிரை பாலைவனத்துக்குள் ஓடிவிட்டால் வேலையும் போச்சு, மானமும் போச்சு.

"பாய், கதவத் தொறங்க!"

பதில் இல்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். அப்போதுதான் புகை மூக்கில் ஏறியது. ஜெனரேட்டர் கக்கிய புகை எங்கும் போக வழியில்லாமல் வண்டியின் அடியிலேயே சுழன்று, தரையிடுக்கு வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

ஐயோ, நான் வைத்ததல்லவா!

ஜெனரேட்டரை அணைத்துவிட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். லுக்மான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். எழுந்து வரப் பார்த்திருக்கிறார்.

"பாய்! லுக்மான் பாய்!"

விரல்கூட அசையவில்லை.

கண்ணாடியை உடைக்கலாம், ஜன்னல் வழியாக ஏற இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குதிரை. எங்காவது கட்டலாமென்றால் அது நின்றால்தானே! மிரண்டு துள்ளி அவனை இழுத்தது. பதினோரு வருஷ வேலையில் ஒருநாளும் அவன் கயிற்றை விட்டதில்லை. இப்போது கையைத் திறந்துவிட்டான். ஒரே பாய்ச்சலில் ரீம் மணலுக்குள் மறைந்தது.

முளை அடிக்கிற சுத்தியலால் ஜன்னலை நொறுக்கினான். கண்ணாடி முழங்கையைக் கிழித்தது. உள்ளே விழுந்து, தாழ்ப்பாளை இழுத்து, லுக்மானைக் கக்கத்தில் பிடித்து வெளியே தரதரவென்று இழுத்தான். முகம் வெளிறிக்கிடந்தது. நெஞ்சில் காதை வைத்தான். காற்றின் ஊளையில் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "எந்திரிங்க பாய், கும்புடுறேன், எந்திரிங்க" என்று கன்னத்தில் அறைந்தான். சாமியெல்லாம் கூப்பிட்டான். அவருடைய அல்லாவையும் கூப்பிட்டான்.

லுக்மான் இருமினார். வாந்தியெடுத்தார். பாண்டித்துரை போட்ட கூச்சலில் பக்கத்து முகாம்காரர்கள் ஓடிவந்தார்கள், மைதானத்து ஆம்புலன்சும் வந்தது.

காற்று தணிந்தபோது ரீம் சரிந்த கூடாரத்துப் பக்கத்தில் நின்று நிதானமாகப் புல் தின்றுகொண்டிருந்தது. தடதடப்பு நின்றுவிட்டதல்லவா, பசி வந்திருக்கும். குதிரைக்குப் பயிற்சி கொடுக்கிற ட்ரெய்னர் வந்து உடைந்த ஜன்னலைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், "ஷாபாஷ்" என்று பாண்டித்துரையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு அவனுக்குச் செருப்படியாக விழுந்தது.

ஆம்புலன்சுக்குள் லுக்மான் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "நீ இல்லன்னா நான் மவுத்தாப் போயிருப்பேன் தம்பி" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டான். "பாய், ஜெனரேட்டர அங்க கொண்டாந்து வச்சதே நான்தான்."

லுக்மான் முகமூடியை இன்னும் கீழே தள்ளினார்.

"தெரியும்டா. நீ இழுத்துட்டு வர்ற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பாடா, மணல் படாம வக்கிறான்னுதான் நானும் நெனச்சேன். துணிய அடச்சுட்டுப் படுத்தது நான்தானே." முகமூடியை மறுபடி போடப் போனவர் நிறுத்தினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் உன் டெண்டுல எனக்கு ஒரு எடம் போடு. இனிமே என்னால கதவடச்சுத் தூங்க முடியாது."